எந்தக் குரலுக்குச் செவிகொடுப்பது? அன்றாட வாழ்வில் ஆவிக்குரிய பகுத்தறிதலில் வளர ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஒரு விசுவாசியின் வீட்டுக்குள் ஒரு கிழமையில் எத்தனை குரல்கள் வந்துபோகின்றன! கடன் குழுத் தலைவி வந்து, "இன்னொரு லோன் போடுவம் அக்கா, பழசைக் கட்டிப்போடலாம்" என்கிறா. வெளிநாட்டிலுள்ள மச்சான் போனில், "காணியை வித்துப்போட்டு வெளிக்கிடு" என்கிறார். வட்ஸ்அப்பில் ஒரு வசனம் வருகிறது. அதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் அற்புதம் நடக்குமாம். ஜெபக்கூட்டத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவர் உன்னோடே பேசுகிறார்" என்று தொடங்குகிறார். இத்தனைக்கும் நடுவில் நம்முடைய சொந்தப் பயமும் ஆசையும் ஆண்டவருடைய குரல் மாதிரியே பேசிக்கொண்டிருக்கின்றன.

இவற்றில் எது தேவனிடமிருந்து வருகிறது என்று அறிவது ஊழியக்காரருக்கு மட்டும் உரிய வேலை என்று நம்மில் பலர் நினைத்துவிட்டோம். ஆவிகளைப் பகுத்தறிகிற வரம் சிலருக்குக் கொடுக்கப்படுவதாக 1 கொரிந்தியர் 12:10 சொல்வது உண்மைதான். ஆனால் எபிரெயர் 5:14 வேறொன்றைச் சொல்கிறது: நன்மை தீமை இன்னதென்று "பயிற்சியினால்" பகுத்தறிகிறவர்களே முதிர்ச்சியடைந்தவர்கள். பயிற்சி என்றால் எல்லோருக்கும் உரியது.

நெல் வாங்க வரும் வியாபாரியைக் கவனித்திருப்பீர்கள். சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ச்சல் சரி, நசிந்தால் இன்னும் ஈரம். அந்த அறிவு போகத்துக்குப் போகம் கடித்துக் கடித்து வந்தது. மேலே சாக்கின் வாயில் எடுத்த நெல்லை மட்டும் காட்டி, "உள்ளுக்குக் கை வைக்காதேங்கோ" என்று விற்பவர் சொன்னால் அவர் வாங்காமலே போய்விடுவார். ஆவிக்குரிய காரியத்திலும் இதையே முதல் விதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: தேவனுடைய குரல் சோதித்துப்பார்க்க இடங்கொடுக்கும். சோதிக்காதே, கேள்வி கேட்காதே, இன்றைக்கே செய் என்று நெருக்குகிற குரலைக் கண்டால் நின்று யோசியுங்கள். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:21) என்பது அப்போஸ்தலனின் கட்டளை. சோதிப்பதை அவிசுவாசம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் இந்த வசனத்தை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

ஒரு அப்பியாசக் கொப்பி போதும். "என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை ஆண்டவரே" என்று அழுவதும் ஜெபம்தான், தேவன் அதைக் கேட்கிறார். ஆனால் பகுத்தறிவதற்குக் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். "மகளைக் கிளிநொச்சியில் உள்ள ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதா, இன்னொரு தடவை ஏ.எல். எழுதவிடுவதா?" என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

எழுதியதும் அது எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள். சில காரியங்களில் தேவன் ஏற்கனவே பேசிவிட்டார். கடன் படிவத்தில் மச்சாளின் கையொப்பத்தை நாமே போடலாமா, குடித்துவிட்டு அடிக்கிற மனிதனின் வீட்டில் பிள்ளைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாமா, சகோதரனுக்குச் சேரவேண்டிய காணிப்பங்கை மறைக்கலாமா என்பவற்றுக்கு உபவாசமிருந்து தேவசித்தம் தேட வேண்டியதில்லை. பதில் எழுதியிருக்கிறது, கீழ்ப்படிவதுதான் மிச்சம். வேறு சில காரியங்கள் நம் சுயாதீனத்துக்கு விடப்பட்டவை. இந்தப் போகத்துக்கு எந்த நெல்லினம் விதைப்பது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்; அவருக்கு அந்த அறிவைக் கொடுத்தவரும் தேவன்தான்.

இரண்டு பக்கமும் நல்லதாக இருந்து, எதைத் தெரிந்தாலும் இன்னொரு நன்மையை விடவேண்டி வரும் இடத்திலேதான் பகுத்தறிதல் உண்மையில் தேவைப்படுகிறது. தொழிற்சாலையும் நல்லது, படிப்பும் நல்லது. இருப்பதா போவதா, மறுமணம் செய்வதா தனியே பிள்ளைகளை வளர்ப்பதா, ஊழியத்துக்குப் போவதா வயலோடு நிற்பதா என்பவை இந்த வகை. இவற்றுக்குத்தான் அடுத்த படிகள்.

படி 2: வசனத்தை முழுசாக வாசியுங்கள்

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். புதுவருட ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை மனதுக்குத் தெம்பு தரலாம், ஆனால் அதை வைத்துக் காணி விற்க முடியாது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பிசாசும் 91ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துக் காட்டினான். இயேசு வேறு வசனத்தோடு சேர்த்து வைத்துத்தான் அதற்குப் பதில் சொன்னார்.

எங்கள் வீடுகளில் அதிகமாகத் தொங்குகிற வசனம் எரேமியா 29:11: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்திய வசனத்தை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களின் விடுதலைக்கு 70 வருஷம் ஆகும் என்று அது சொல்கிறது. இன்னும் மேலே 5ஆம் வசனம் முதல், வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லியிருக்கிறது. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, தறப்பாள் கொட்டிலிலிருந்து மறுபடி வீடு கட்டிய மக்களுக்கு இந்த அதிகாரம் முழுவதுமே சொந்தம். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் அது வெறும் நல்வாழ்த்தாகிவிடும்.

செய்யவேண்டியது இது. மாற்கு சுவிசேஷத்தை எடுத்து நாளுக்கு ஒரு பகுதியாகத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசியுங்கள். இயேசு யாரிடம் கோபப்பட்டார், யாரிடம் மனதுருகினார், எப்போது கூட்டத்தை விட்டுத் தனியே போனார் என்று கவனியுங்கள். ஒரு மனிதனோடு நெடுநாள் பழகினால் போனில் "ஹலோ" என்றதும் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறோம் அல்லவா? சுவிசேஷத்தில் அவரோடு பழகாதவருக்கு அவருடைய குரல் பிடிபடாது.

திருவுளச்சீட்டுப் பற்றியும் கேட்பார்கள். பீடத்தின் முன் இரண்டு துண்டுகள் வைத்துப் பிள்ளையை எடுக்கச் சொல்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தபோது சீஷர்கள் சீட்டுப்போட்டார்கள் (அப்போஸ்தலர் 1:26). அது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். ஆவியானவர் இறங்கிய பிறகு புதிய ஏற்பாட்டில் சபை ஒரு தடவைகூடச் சீட்டுப்போட்டு முடிவெடுத்ததாக இல்லை. கூடி, விவாதித்து, ஜெபித்து முடிவெடுத்தது. எனக்கு இதுவே போதுமான பதில்.

படி 3: இரவில் அந்த நாளைத் திரும்பிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்யக்கூடிய நிலையில் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலில் பட்டுப் படுக்கையில் விழுந்தார் இஞ்ஞாசியார் என்ற போர்வீரர். (அவருடைய முதல் தோழர்களில் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவின் வழியாகத்தான் மன்னார்க் கரையில் விசுவாசம் பிடித்தது, அந்த மக்களில் பலர் 1544இல் அதற்காக உயிரையும் கொடுத்தார்கள்.) படுக்கையில் கிடந்தவர் வீரதீரக் கதை கேட்டார், கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் பரிசுத்தவான்களின் கதைகளும்தான் கிடைத்தன. சில நேரம் அரசவையையும் ஒரு சீமாட்டியையும் நினைத்துக் கனவு கண்டார், சில நேரம் பரிசுத்தவான்களைப்போல வாழ்வதை நினைத்தார். நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. முதல் நினைவு போனபிறகு மனம் வறண்டு கிடந்தது, இரண்டாவது போனபிறகும் சந்தோஷம் தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்ட அன்று அவர் பகுத்தறியத் தொடங்கினார். நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவராயிருந்தாலும் இந்தக் கவனிப்பு உதவும். ஒரு நினைவு எப்படி வருகிறது என்பதைவிட, போனபின் எதை விட்டுச்செல்கிறது என்று பாருங்கள்.

படுக்கப்போகுமுன் கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். முதலில் அந்த நாளில் கிடைத்த ஒன்றுக்காக நன்றி சொல்லுங்கள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து சொன்ன கதையாகவும் இருக்கலாம். "ஆண்டவரே, இந்த நாளை நீர் பார்க்கிறமாதிரி எனக்குக் காட்டும்" என்று கேளுங்கள். பிறகு விடியற்காலை தேத்தண்ணியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாக நடந்து வாருங்கள்: கிணற்றடி, பஸ், கந்தோர், சங்கக்கடை, அயல்வீட்டு வேலி. எங்கே மனம் விரிந்தது? எங்கே சுருங்கியது? எந்த வார்த்தையைச் சொன்னபிறகு வாய் கசந்தது? மன்னிப்புக் கேட்கவேண்டியதைக் கேளுங்கள். கடைசியாக நாளைக்கு வரப்போகிற ஒரு காரியத்தை அவர் கையில் கொடுங்கள்.

கொப்பியில் இரண்டு வரி எழுதிவையுங்கள். உதாரணமாக இப்படி: "காலையில் தங்கச்சி வீட்டுக் கடனைப் பற்றி மற்றவர்களோடு கதைத்தேன், அக்கறை என்று நினைத்தேன், பிறகு மனம் பாரமாயிற்று. பின்னேரம் காய்ச்சலில் கிடந்த கிழவிக்குக் கஞ்சி கொண்டுபோனேன், களைப்பாக இருந்தும் மனம் இலேசாக இருந்தது." முதல் கிழமையில் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே குரல் ஒரே வேஷத்தில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிலருக்கு அது பயம், சிலருக்குப் புகழ் ஆசை. எங்கள் பக்கத்துத் தாய்மாரில் பலருக்கு அது, "நீ தப்பிப் பிழைச்சதே பிழை" என்று குற்றஞ்சாட்டுகிற குரல்.

அந்தக் கடைசிக் குரலை அடையாளம் காண உதவும் ஒரு குறிப்பு. ஆவியானவர் பாவத்தை உணர்த்தும்போது இன்ன காரியம் என்று சுட்டிக்காட்டுவார், திரும்பி வர வழியும் காட்டுவார். பெயர் சொல்லாமல் முழு மனிதனையும் பாரத்தால் அமுக்கி, வழியெல்லாம் அடைத்துவிடுகிற குற்றவுணர்வு அவருடையதல்ல.

படி 4: இருள் சூழ்ந்த நாளில் முடிவை மாற்றாதீர்கள்

இஞ்ஞாசியார் எழுதிவைத்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது: மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது, தெளிவாயிருந்த நாளில் எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது. அந்த நேரத்தில் ஆலோசனை சொல்ல வருவது பெரும்பாலும் நல்ல ஆவியல்ல.

எங்களுக்கு இருள் எப்போது வரும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும். மே மாதம் வந்தால் முள்ளிவாய்க்கால் நினைவு வரும். திவச நாட்கள், வெள்ளம் வயலை எடுத்த கிழமை, தவணை கட்ட வழியில்லாத நாளின் முதல் இரவு, வீட்டில் பெரிய சண்டை நடந்த மறுநாள். இந்த நாட்களில் காணி எழுதிக்கொடுக்காதீர்கள், கலியாணப் பேச்சை முறிக்காதீர்கள், சபையை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுக்காதீர்கள். வழக்கமான ஜெபத்தை வழக்கமான நேரத்தில் செய்துகொண்டு பொறுத்திருங்கள்.

எலியா சாகவேண்டும் என்று கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தேவன் முதலில் உபதேசம் பண்ணவில்லை. அவனை நித்திரைகொள்ள விட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், பிறகு மறுபடியும் நித்திரைகொள்ள விட்டார். நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் இல்லாமல் போனால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அதை ஆவிக்குரிய போராட்டம் என்று மட்டும் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்கிற ஊழியக்காரரிடம் இந்தக் காரியத்தில் ஆலோசனை கேட்காதீர்கள்.

படி 5: தீர்க்கதரிசனத்தைச் சோதியுங்கள்

இங்கே நான் நிறுத்தி நிதானமாக எழுத விரும்புகிறேன். இந்த மண்ணில் ஆட்களை அதிகமாக நோகடித்தது இதுதான்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கிற தாயிடம் போய், "உன் மகன் உயிரோடிருக்கிறான், வருகிற வருஷத்துக்குள் வாசலில் நிற்பான் என்று கர்த்தர் சொல்கிறார்" என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம்! ஊழியக்காரர் சொன்னால் அந்தத் தாய் நம்புவா. நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா. நாள் கடந்ததும், "உன் விசுவாசம் காணாது" என்று பழி அவவின் தலையிலேயே விழும்.

எரேமியா 28ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் இரண்டு வருஷத்துக்குள் சிறைப்பட்டவர்கள் திரும்பி வருவார்கள் என்றான். கேட்க இனிமையான செய்தி. எரேமியா என்ன செய்தார்? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் சமாதானத்தைச் சொல்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று தெரியும் என்றார். பாபிலோனுக்கு அடங்கியிருப்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தடியை அனனியா உடைத்தபோது எரேமியா சண்டை பிடிக்காமல் தன் வழியே போனார். பிறகுதான் தேவனுடைய வார்த்தை வந்தது: அனனியா ஜனங்களைப் பொய்யை நம்பச் செய்தான். நம் ஆசையும் தேவனுடைய வார்த்தையும் ஒன்றுபோல ஒலிக்கிற இடத்தில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும் என்று அந்த அதிகாரம் கற்பிக்கிறது.

ஆகவே யாராவது உங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் அதை அப்படியே கொப்பியில் எழுதித் திகதி போடுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள். இது இயேசுவைப் பின்பற்ற என்னைத் தூண்டுகிறதா, சொன்னவரைப் பின்பற்றத் தூண்டுகிறதா? காணிக்கை, "விதைப்பு", விசேஷ எண்ணெய் என்று காசு எங்காவது நடுவில் வருகிறதா? பணத்துக்குக் குறிசொல்கிற தீர்க்கதரிசிகளை மீகா 3:11 கண்டிக்கிறது. குடும்பத்துக்குச் சொல்லாதே என்று இரகசியம் கேட்கிறதா? வேறு இரண்டு மூன்று பேர் நிதானிக்க அவர் சம்மதிக்கிறாரா? 1 கொரிந்தியர் 14:29 அப்படி நிதானிக்கச் சொல்கிறது. முன்பு அவர் திகதி சொல்லி நடக்காமல்போன வார்த்தைகளுக்கு (உபாகமம் 18:22) என்றாவது மன்னிப்புக் கேட்டாரா?

அடையாளம் பலித்துவிட்டது என்பதும் போதாது. அடையாளம் நடந்தாலும் வேறு தேவனிடம் இழுத்தால் கேட்காதே என்கிறது உபாகமம் 13. 1 இராஜாக்கள் 13இல் யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனை ஒரு கிழட்டுத் தீர்க்கதரிசி, "தேவதூதன் எனக்குச் சொன்னான்" என்று பொய்சொல்லி ஏமாற்றினான். தேவன் தன்னிடம் நேரே சொன்னதை அந்த மனுஷன் மற்றவருடைய தரிசனத்துக்காக விட்டுக்கொடுத்தான், செத்தான். வயதும் பட்டமும் சோதனைக்கு விலக்கல்ல.

எதிர்த்துக் கதைக்கத் தெரியாதவர்கள் இப்படிச் சொல்லலாம்: "பாஸ்ரர் ஐயா, நீங்கள் சொன்னதை எழுதி வைச்சிருக்கிறன். ஜெபிச்சு, வீட்டாக்களோடயும் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்." தேவனிடமிருந்து கொண்டுவந்தவர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

இன்னொரு வகையான வார்த்தையும் உண்டு: உங்கள் பாவத்துக்காகத்தான் ஷெல் விழுந்தது, உங்கள் முன்னோரின் சாபத்தால்தான் பிள்ளை போனது என்பது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று சொன்னார் (லூக்கா 13:4-5). பிறவிக் குருடனைக் குறித்தும் அதையே சொன்னார் (யோவான் 9:3). இயேசு மறுத்ததை எந்த ஊழியக்காரரும் அவர் பெயரால் சொல்ல முடியாது.

அதேநேரம், "ஆவியை அவித்துப்போடாதிருங்கள்" என்ற வசனமும் 1 தெசலோனிக்கேயர் 5இல்தான் இருக்கிறது. ஏமாற்றப்பட்டோம் என்பதற்காக எல்லா வார்த்தையையும் தள்ளிவிட வேண்டாம். சோதித்து, நலமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஆட்களிடம் கேளுங்கள்

"தன் வழக்கிலே முதற்பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்" என்கிறது நீதிமொழிகள் 18:17. வெளிநாட்டு ஏஜென்ட் எப்போதும் முதலில் பேசுகிறவர். 2022 நவம்பரில் 300க்கும் மேற்பட்ட இலங்கையர்கள் கனடா போகலாம் என்று நம்பி ஏறிய கப்பல் வியட்நாமுக்கு அண்மையில் ஆபத்தில் சிக்கி மீட்கப்பட்டது. போனவர்களுக்காக வீடுகளில் ஜெபமும் நேர்த்தியும் நடந்திருக்கும். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தோம் என்பதால் அந்தப் பயணம் தேவசித்தம் ஆகிவிடாது. போய்த் திரும்பி வந்த ஒருவரையும், காசைப் பறிகொடுத்த ஒருவரையும் சந்தித்துக் கதைத்தபின் முடிவெடுங்கள். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப்பார்க்கச் சொன்னவர் இயேசுதான் (லூக்கா 14:28).

மூன்று பேரைத் தேடுங்கள். உங்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லத் துணிவுள்ளவர், உங்கள் முடிவால் ஒரு சதமும் இலாபம் இல்லாதவர், கதையை வெளியே விடாதவர். மூன்றும் ஒருவரிடமே இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

மனைவியிடம் கேளுங்கள். அவவிடம் கேட்காமல் வயலை ஈடுவைத்துவிட்டு, பிறகு "தேவசித்தம்" என்று வந்து சொல்கிற ஆண்கள் அதிகம். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குகிற பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். மாமா, சித்தப்பா, சபை மூப்பர் என்று எல்லோரும் அவவுக்காக முடிவெடுப்பார்கள். அக்கா, தேவன் உங்களோடும் பேசுகிறார். அவர்களுடைய ஆலோசனையைக் கேளுங்கள், முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

படி 7: தீர்மானியுங்கள், கனியைப் பாருங்கள்

ஒரு முடிவை நோக்கி மனம் சாய்ந்தால் சில நாள் அதை எடுத்துவிட்டதாகவே நினைத்து வேலை செய்யுங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம். இரவுக் கொப்பியில் என்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு சில நாள் மற்ற முடிவை எடுத்ததாக வாழ்ந்து பாருங்கள். ஒரு அந்நியர் இதே காரியத்துக்கு உங்களிடம் ஆலோசனை கேட்டு வந்தால் என்ன சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். யாக்கோபு 3:17 தரும் அளவுகோலை வையுங்கள்: பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம் உள்ளது. உங்கள் முடிவு வீட்டாரிடம் உங்களை இரக்கமுள்ளவராக்குகிறதா, வெடுக்கென்று பேச வைக்கிறதா?

பெரிய முடிவை முடிந்தால் சிறிய படியாகத் தொடங்குங்கள். முழுக் காணியையும் குத்தகைக்குக் கொடுக்குமுன் ஒரு போகத்துக்கு ஒரு ஏக்கரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

கஷ்டம் வந்ததும் "பிழையான முடிவு எடுத்துப்போட்டன்" என்று கலங்க வேண்டாம். துரோவாவில் பவுல் மக்கெதோனியனைத் தரிசனத்தில் கண்டபின் அவரோடிருந்தவர்களும் சேர்ந்தே தேவன் அழைக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டார்கள் (அப்போஸ்தலர் 16:10). பிலிப்பியில் ஆற்றங்கரையில் லீதியாள் விசுவாசித்தாள், அதே ஊரில் பவுலுக்கும் சீலாவுக்கும் அடியும் சிறையும் கிடைத்தன. அழைப்பு சரியாக இருந்தும் அடி விழுந்தது. இலகுவாகப் போகிறதா என்று பார்த்துத் தேவசித்தத்தை அளந்தால் அவர்கள் துரோவாவுக்கே திரும்பியிருப்பார்கள்.

முடிவெடுத்த திகதியையும், எடுத்ததற்கான காரணங்களையும், யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். அதன்கீழ் மீண்டும் பார்க்கிற ஒரு நாளையும் குறியுங்கள்: காலபோக அறுவடை முடிந்த கிழமை, அல்லது பிள்ளையின் பரீட்சை முடிவு வந்த நாள். அன்றைக்கு அந்த மூன்று பேரில் ஒருவரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, இந்த மாதங்களில் உங்களிடம் என்ன மாற்றத்தைக் கண்டார் என்று கேளுங்கள்.